பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரத்தில் ராஜபாளையத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். படித்ததெல்லாம் கடிதம் அடிப்பதும் பட்டியல் போடுவதும்தான். வீடியோவை கம்ப்யூட்டருக்குள் ஏற்றலாம் என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஸ்டூடியோக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மட்டும் இரண்டும் கலந்து வரும். பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்தவர். கேசட் எல்லாம் சி.டி.க்கு மாறப்போகிறது என்று யாரோ சொல்லி, சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்திருந்தார். அதை மாட்டிக் கொடுக்க வந்தவர் ஒரே ஒரு நாள் இருந்தார். எல்லாவற்றையும் வேகமாகக் காட்டிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு நானும் அந்தப் பெட்டியும்தான். கேசட் ஓட்டும் டெக்கிலிருந்து படம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரீன் சேவர் வந்துவிடும். அந்த இடத்தில் படம் வெட்டி வெட்டி நிற்கும். சரியாக இருபதாவது நிமிடத்தில் பதிவு தானாக நின்றுபோகும். கேசட்டில்தான் கோளாறு என்று மூன்று நாள் கேசட்டைத் துடைத்தேன். ஒரு கோப்பு இரண்டு ஜி.பி.க்கு மேல் வளராது, அதாவது இருபது நிமிடப் படத்துக்கு மேல் கொள்ளாது என்று அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சி.டி.க்கு மாற்றும் வேலை மணிக்கணக்கில் ஓடும். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் கிடையாது. தவறு செய்து, எந்தத் தவறு என்று கண்டுபிடித்து, ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

நான் சேர்ந்த நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோழபுரத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பதை நெருங்கியவர். ஸ்பின்னிங் மில்லில் வேலை. சட்டைக் காலரில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. நாங்கள் நின்ற இடம் சின்ன அறைதான், ஆனாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு பேசுவதுபோல உரக்கப் பேசினார்.

"அண்ணாச்சி, எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் வீடியோ எடுத்தீக. இந்தா கேசட்டு. இத சி.டி.யில போட்டுத் தாங்க."

அண்ணாச்சி ஏதோ கேட்டார். அவர் கையைக் காதோரம் குவித்துக்கொண்டார்.

"சத்தமாச் சொல்லுங்க. மிசினுக்குள்ளயே கெடந்து காது மந்தமாப் போச்சு."

அண்ணாச்சி மறுபடி உரக்கக் கேட்டார். இப்போது என்ன அவசரம் என்றுதான் கேட்டிருந்தார்.

"டெக்கு வாடகைக்கு விடுதவன் கடைய மூடிட்டான். பக்கத்து வீட்டுல சி.டி. போடுத பெட்டி வாங்கியிருக்காக. பாப்பா அவ அம்மாவப் பாக்கணும்னு கேக்கா."

அவருடைய மனைவி மூளைக்காய்ச்சலில் இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு இரண்டு வயது. இப்போது ஒன்பது. அம்மா முகம் அவளுக்குப் போட்டோவில் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வாடகை டெக்கில் நடமாட்டமும் தெரியும். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அதுல பாட்டுதான் கேக்கும். அம்மா பேச மாட்டாங்க. வாய் மட்டும் அசையும்."

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்துக் கல்யாண கேசட் எல்லாமே அப்படித்தான். மேளத்தையும் கூட்டத்தின் இரைச்சலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டு போட்டுவிடுவார்கள். ஜனங்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

மறுநாள் காலை கேசட்டைப் போட்டேன். ஸ்டூடியோவுக்கு அந்த மாதம்தான் புதிதாக ஒரு ஸ்டீரியோ டெக் வந்திருந்தது. படம் வந்தது. பழைய படம், நிறம் கொஞ்சம் சிவந்து போயிருந்தது. ஆனால் பாட்டு வரவில்லை. ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று ஒரு இரைச்சல், அதற்குள் மேளம், ஏகப்பட்ட பேர் பேசும் சத்தம்.

வயரை மாற்றிப் போட்டேன். அதே சத்தம். சவுண்டு கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். வேறு ஏதாவது கல்யாணத்தின் சத்தம் பழைய கோப்பிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ என்று ஹார்ட் டிஸ்கையே துழாவினேன். மத்தியானம்வரை போராடிவிட்டு, கடைசியில் கேசட்டை எடுத்துப் பக்கத்தில் கிடந்த பழைய டெக்கில் போட்டேன். பாட்டு ஜம்மென்று வந்தது. புதிய டெக்கில் போட்டேன். மறுபடி மேளமும் பேச்சும்.

அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டு வந்ததும் காட்டினேன். செத்த நேரம் நின்று கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கோளாறு இல்லம்மா. இதுதான் கல்யாணம்."

அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் பதியும். ஓரத்தில் ஒரு கோடுபோலப் பதிவது ஒன்று. சாதாரண டெக் அதைத்தான் படிக்கும். உசத்தி டெக்காக இருந்தால் படத்தோடு சேர்த்து உள்ளேயும் சத்தத்தைப் பதியும். அந்தச் சமயத்தில் துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணாச்சி அப்படி ஒரு டெக்கை வாங்கி வைத்திருந்தார். அதில் காப்பி எடுத்து, பிறகு பாட்டு ஏற்றியிருக்கிறார். பாட்டு ஓரத்தில்தான் ஏறியது. உள்ளே இருந்ததை யாரும் தொடவில்லை. இப்போது வந்த ஸ்டீரியோ டெக்கைப்போல அதைப் படிக்கிற டெக்கில் இத்தனை வருடம் யாரும் போடவும் இல்லை.

"நாந்தான் பாட்டெல்லாம் பொறுக்கிப் போட்டேன். ரெண்டு நாளு உக்காந்து போட்டேன்" என்றார். டேப்பை நேராகப் படிக்கவைக்கும் டிராக்கிங் திருகை மெல்லத் திருகினார். 'கர்ர்' சத்தம் குறைந்தது.

அப்போதுதான் கல்யாணப் பெண்ணின் குரல் கேட்டது. மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறாள். வீடியோ லைட் முகத்தில் அடிக்கிறது. பின்னால் நின்ற தோழியின் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, "ஏட்டி, இந்த லைட்டுல அவிய மொகமே தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்க முயன்று, கண் கூசி, மறுபடி குனிந்துகொண்டாள். கேசட் தொடக்கத்தில் போட்டிருந்தபடி அவள் ஊர் வன்னியம்பட்டி, எங்கள் ஊருக்குப் பக்கம். அந்தப் பேச்சு எங்கள் தெருப் பேச்சுதான். என் கூடப் படித்த யாரோ பேசுவதுபோல இருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி அவள் குரல். "யம்மா, செத்த தண்ணி குடு. நாக்கு வரளுது." உடனே மிக அருகிலிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஒரு ஆண் குரல்: "தண்ணியெல்லாம் பொறவு குடிக்கலாம். தலைய நிமித்தி இங்க பாருங்கம்மா."

அது அண்ணாச்சியின் குரல். பத்து வருடம் இளைய குரல். அவர் எழுந்து மாடி வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். நான் கூப்பிடவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வேலை. போகும்போது, "அந்தக் கொரலத் தெளிவா எடுக்க முடியுமான்னு பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முடியும் என்றுதான் நினைத்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சி.டி.யில் இரைச்சலைக் குறைக்கும் பிளக்-இன் ஒன்று இருந்தது. ட்ரையல் என்று போட்டிருந்தது. அதன் அர்த்தம் எனக்குச் சரியாகத் தெரியாது. ஏற்றினேன். மணவறைப் பாகத்தை கம்ப்யூட்டருக்குள் எடுத்து அதில் ஓட்டியபோது, ஹார்ட் டிஸ்கில் இன்னொரு கோப்புக்கு இடம் இல்லை என்று மெஷின் சொன்னது. பழைய கோப்பின் மேலேயே எழுதட்டுமா என்று கேட்டது. சரி என்று அமுக்கினேன். அந்த ஒரு அமுக்கலை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று மணி நேரம் ஓடி முடிந்தது. போட்டுக் கேட்டால், மேளம் குறைந்திருந்தது. அதோடு அவள் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து தகரம் தட்டுவதுபோல மாறியிருந்தது. போதாததற்கு சில நொடிகளுக்கு ஒருமுறை 'பீப்' என்று ஒரு சத்தம். பணம் கட்டாத பிளக்-இன் அப்படித்தான் செய்யும் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலும் ஒரு பீப் விழுந்திருந்தது.

கேசட்தான் இருக்கிறதே, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்று அந்தக் கோப்பை அழித்து இடம் உண்டாக்கினேன். கேசட்டைப் போட்டேன். மணவறைக் காட்சி வந்ததும் படம் ஒரு பக்கமாக இழுத்து நடுங்கியது. டெக்குக்குள் நெறுநெறு என்று ஒரு சத்தம். நிறுத்துவதற்குள் டேப் உருளையில் சுற்றிக்கொண்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு முழ நீளத்துக்குக் காகிதம்போலக் கசங்கி, ஒரு இடத்தில் கிழிந்தே போயிருந்தது.

அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வன்னியம்பட்டி விலக்கில் சில பெண்கள் ஏறினார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பழைய கேசட் ஒன்று கிழிந்ததற்கா இப்படி என்று கேட்டிருப்பார்கள்.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் சொன்னேன். தெலுங்கும் தமிழுமாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேசட்டின் திருகுகளைக் கழற்றி, கசங்கிய பகுதியைக் கத்தரித்து, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினார். ஓட்டிப் பார்த்தோம். ஏழெட்டு நொடிதான் போயிருந்தது. அவள் தலையைச் சாய்க்கத் தொடங்குவதும், அடுத்து குனிந்து உட்கார்ந்திருப்பதும் இருந்தன. நடுவில் சொன்னதும் சிரித்ததும் இல்லை.

"அவரு வந்தா நீயே சொல்லிரு" என்றார்.

மீதியை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்தையும் முதலில் தனியாகக் காப்பி எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைத் தொட்டேன். பிளக்-இன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேளம்போன்ற கனத்த சத்தங்களை மட்டும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காதால் கேட்டுக் கேட்டு மேளத்தை இறக்கினேன். சி.டி.க்கு மாற்றியபோது வேறு ஒரு தொல்லை. தொடக்கத்தில் வாயும் பேச்சும் ஒன்றாக இருக்கும். போகப்போகப் பேச்சு முந்திவிடும், வாய் பின்னால் அசையும். நான்கு தடவை மாற்றிய பிறகுதான் பிடிபட்டது. அந்த மென்பொருள் அமெரிக்காக்காரன் முறையில் நொடிக்கு முப்பது படம் என்று வைத்திருந்தது. நம்முடையது இருபத்தைந்து. அதை மாற்றியதும் தண்ணீர் கேட்கும் இடத்தில் அவள் உதடும் குரலும் சேர்ந்துகொண்டன. அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் வந்தார்கள். பாட்டுக்குப் பதிலாக அசல் சத்தம் கிடைத்திருக்கிறது என்று அண்ணாச்சி உரக்கச் சொன்னார். அப்பாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் ஓடியது. மேளம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க ஊரு மேளம்லா!" என்றார். தண்ணீர் கேட்கும் இடம் வந்தது. மகள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை. ஆண் குரல்களும் மேளமும் எட்டிய காதுக்கு அந்த மெல்லிய குரல் எட்டவில்லை.

பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றிவிட்டு மகளிடம் கேட்டார்.

"என்னமோ கீச்சுன்னு வருது. என்ன சொல்லுதா?"

அவள் அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "தண்ணி கேக்காங்கப்பா! நாக்கு வரளுதாம்!"

"யாரு?"

"அம்மா!"

அவர் திரையைப் பார்த்தார். அங்கே அவரும் இருந்தார். பட்டுவேட்டியும் மாலையுமாக, விறைப்பாக, கேமராவைப் பார்த்தபடி. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் பக்கத்துலதான இருந்தேன்" என்றார். அவர் தணிந்த குரலில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணாச்சி வாசலில் நின்றபடி, "ஒங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் பொறவு குடிக்கலாம்னு சொன்னேன்" என்றார். அது அவருக்குக் கேட்டதோ என்னவோ. வேறொன்றைக் கேட்டார்.

"பொறவு குடிச்சாளா?"

அது எனக்குத்தான் தெரியும், அந்தக் கேசட்டை அந்த வாரம் முழுக்கப் பார்த்தவள் நான். கடைசிப் பாகத்தைப் போட்டு, பந்திக்கு ஓட்டினேன். இலைக்கு முன்னால் இருவரையும் உட்கார வைக்கிறார்கள். யாரோ சோறு வைக்கிறார்கள், எல்லாரும் மாப்பிள்ளையைக் கேலி செய்கிறார்கள். அவள் யாரையும் பார்க்காமல் தம்ளரை எடுத்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"குடிச்சிட்டாங்கப்பா" என்றாள் மகள். அவர் தலையை மெல்ல ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. ஒட்டிய இடத்தைக் காட்டினேன். இங்கே ஏழெட்டு நொடி இருந்தது, என் தப்பால் போய்விட்டது, பாப்பாவின் அம்மா அதில் பேசினார்கள், சிரித்தார்கள், அதைக் கேட்டது நானும் அண்ணாச்சியும் மட்டும்தான் என்று சொன்னேன். அவருக்கு எவ்வளவு எட்டியதோ, மகள்தான் முழுவதையும் கேட்டாள்.

அவள் கோபப்படவில்லை. "என்ன சொன்னாங்கக்கா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, இந்த லைட்டுல அவிய மொகமே தெரியலன்னு சொன்னாக."

"எப்படிச் சொன்னாங்க? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

இறந்துபோன ஒருத்தியின் குரலை அவள் மகளுக்கு முன்னால் நான் எப்படிப் பேசுவது? அண்ணாச்சி, "சொல்லும்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். தலையைச் சாய்த்தேன். 'ஏட்டி'யை அவள் இழுத்த மாதிரி இழுத்து, 'தெரியல'வில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததை அப்படியே கொண்டுவர முயன்றேன். முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.

மகள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "சிரிச்சது பொறவா, பேசும்போதேவா?"

"பேசும்போதே. கடைசில."

சி.டி.யை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். படியிறங்கித் துணிக்கடை வாசலுக்குப் போனதும் அவர் நின்று மகளிடம் ஏதோ கேட்டார். அவள் அவரைக் குனியச் சொல்லி, காதோடு கத்தினாள்: "ஏட்டி, இந்த லைட்டுல அவிய மொகமே தெரியல!"

துணிக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவருடைய அக்கா படியேறி வந்தார். சி.டி.யில் பாட்டே இல்லையாம், கூட்டம் போடுகிற சத்தம்தான் கேட்கிறதாம், உறவுக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட முடியவில்லையாம். அண்ணாச்சி வாதாடவில்லை. எங்களிடமே இருந்த கேசட்டைப் பழைய டெக்கில் போட்டு, பாட்டோடு இன்னொரு சி.டி. எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அக்கா அங்கேயே போட்டுப் பார்த்து, முதல் பாட்டு வந்ததும், "இதுதாம்மா" என்று திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.